காப்பகத்தை எடுத்து நடத்துவதா, கூட நின்று நடத்துவதா?

வரும் செவ்வாய்க்கிழமை மாலை கோயில் கூடத்தில் ஒரு முடிவெடுக்க வேண்டும். எங்கள் ஊரில் முனிசிபாலிட்டி நடத்தும் நாய், பூனைக் காப்பகம் ஒன்று இருக்கிறது. அதைச் சீராக்கத் தன்னார்வலர்களான நாங்கள் முனிசிபாலிட்டியோடு எந்த முறையில் சேருவது என்பதுதான் கேள்வி. தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே, கரும்புக் காட்டை ஒட்டிய சின்ன ஊர் இது. கூட்டம் ஆங்கிலத்திலும் ஜூலுவிலும்தான் நடக்கும். எங்கள் குழுவில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர். ஆனால் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் அம்மாக்கள் இரண்டு வாரமாக ஒன்றையே கேட்கிறார்கள்: “எதற்குக் கை தூக்கட்டும் டீச்சர்?” வாசலில் நின்று ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வேறு ஊரில் இதே யோசனையில் இருப்பவர்களுக்கும் உதவினால் சந்தோஷம்.

முதலில் இடத்தைச் சொல்கிறேன். இரண்டு வரிசையாக 16 கூண்டுகள், நடுவில் ஒரு வாய்க்கால், கோடியில் பூனைகளுக்கு ஓர் அறை. தகரக் கூரை, ஜனவரி வெயிலில் அடியில் நிற்க முடியாது. மூன்று வருஷத்துக்கு முன் நான் முதல்முறை போன சனிக்கிழமை, கூண்டு கழுவுகிற பெரியவர் என்னைக் கூப்பிட்டு அந்த வாய்க்காலைக் காட்டினார். அவரை நாங்கள் எல்லோரும் பாபா என்றுதான் கூப்பிடுவோம். ஜூலுவில் மூத்த ஆண்களுக்கு அதுதான் மரியாதை. மேட்டில் இருந்த முதல் கூண்டில் தண்ணீர் பீய்ச்சினார். அன்று காலை தெருவிலிருந்து பிடித்து வந்த நாய் அதில் இருந்தது. நுரையும் கழிச்சலுமாகத் தண்ணீர் சரிவில் ஓடி, கடைசிக் கூண்டின் வாசலில் போய்த் தேங்கியது. கடைசிக் கூண்டில் ஐந்து குட்டிகள். ஒன்று வாசலுக்கு வந்து அந்தத் தண்ணீரை நக்கியது. பாபா கம்பூட்ஸ் (ரப்பர் பூட்ஸ்) நுனியால் அதை மெதுவாக உள்ளே தள்ளினார். அடுத்த வாரம் போனபோது அந்தக் கூண்டு காலியாகக் கிடந்தது.

அந்தக் குட்டிகளைக் கொண்டுபோனது பார்வோ வைரஸ். நாயின் கழிச்சல் வழியாகப் பரவும், தரையில் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண சோப்புக்கும் டெட்டாலுக்கும் அடங்காது. ஒரு பங்கு ஜிக் பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் என்று கலந்து, பத்து நிமிஷம் ஊற விட்டால் சாகும். அதுவும் தரையில் இருக்கும் மலத்தை முதலில் சுத்தமாகத் தேய்த்து எடுத்திருந்தால்தான். அழுக்கின் மேலேயே ஊற்றினால் ஜிக் வீரியம் இழந்துவிடும். குட்டிகளை மேட்டுக் கூண்டுக்கு மாற்றுங்கள், புதிதாக வரும் நாய்களைப் பள்ளத்தில் வையுங்கள் என்று பாபா பல தடவை சொல்லியிருக்கிறார். கேட்டு எழுதிக்கொள்ள ஆள் இல்லை. அந்த வருஷம் அதிகாரி இரண்டு முறை மாறினார்.

இனிச் சொல்லப்போகும் ஒவ்வொரு வழியையும் நான் இந்த வாய்க்காலை வைத்துத்தான் அளக்கிறேன். யார் இடித்துக் கட்டுவார்கள், எந்தப் பணத்தில், எப்போது? இதற்குப் பதில் இல்லாத எந்தத் திட்டமும் குட்டிகளுக்கு உதவாது.

இப்போது இருக்கிறபடியே விடுவது ஒரு வழி. காப்பகம் முனிசிபாலிட்டியுடையது, நாங்கள் சனிக்கிழமை காலை போகிறோம், நாய்களை நடக்க அழைத்துப் போகிறோம், பழைய போர்வை, மீலிமீல் (சோள மாவு) மூட்டை, புழு மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறோம். நல்லவிதமாகச் சொல்ல ஒன்று உண்டு: எந்தப் பொறுப்பும் எங்கள் தலையில் இல்லை. ஆனால் எதுவும் எழுத்தில் இல்லை. கதவைத் திறந்துவிடுகிற அதிகாரிக்கு எங்களைப் பிடித்திருந்தால் போகலாம். அவர் மாற்றலாகிப் போனால் மறுபடியும் முதலிலிருந்து அறிமுகம். போன வருஷம் ஏழு வாரம் எங்களை உள்ளேயே விடவில்லை. ஏன் என்று இன்றுவரை தெரியாது. வாய்க்கால் அப்படியேதான் இருக்கும். இந்த வழிக்கு இவ்வளவு போதும்.

இரண்டாவது வழிதான் எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு மேல் விரும்புவது: காப்பகத்தை நாமே எடுத்து நடத்துவது. முனிசிபாலிட்டி இடத்தைக் குத்தகைக்குக் கொடுக்கும், வருஷா வருஷம் ஒரு மானியம் தரும், மற்றதெல்லாம் நம் பாடு. இதைச் சொல்கிறவர்களை நான் குறைவாக நினைக்கவில்லை. ஒரு காலத்தில் நானே இதைத்தான் சொன்னேன். இதில் இருக்கிற வேகம் பெரியது. ஒரு தாழ்ப்பாள் உடைந்தால் டெண்டர் எழுதிக் காத்திருக்க வேண்டாம், யாராவது ஒரு மாமா பக்கியில் (பின்பக்கம் திறந்த சின்ன வண்டி) வெல்டிங் மெஷினைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். 1997-ஆம் வருஷத்து லாப நோக்கமற்ற அமைப்புகள் சட்டத்தில் பதிவு செய்து, வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவுக்கான அனுமதியும் வாங்கிவிட்டால், நன்கொடை கொடுப்பவர்களுக்கு வரிச்சலுகை ரசீது தரலாம். விலங்கு நலனும் அந்தப் பிரிவுக்குள் வருகிறது. கடைக்காரர்களிடம் போய் நிற்கும்போது அந்த ரசீதுக்கு மதிப்பு அதிகம்.

அப்புறம் ஏன் மனம் மாறினேன்? மூன்று காரணம். முதலாவது பணம். முனிசிபல் நிதி மேலாண்மைச் சட்டத்தின் (2003) 67-ஆவது பிரிவு, வெளி அமைப்புக்குப் பணம் கொடுப்பதற்கு நிபந்தனை வைக்கிறது: மாதாமாதம் செலவுக்கணக்கு காட்ட வேண்டும், ஆண்டுக்கணக்கைத் தணிக்கை செய்து தர வேண்டும். பொதுப்பணம், கேட்பது நியாயம்தான். ஆனால் எங்களில் கணக்கு தெரிந்தவர் ஒருவர்தான், அவருக்கும் வயது 71. மானியத் தொகை ஒவ்வொரு பட்ஜெட்டிலும் புதிதாக முடிவாகும். மூன்று பட்ஜெட் ஆண்டுகளுக்கு மேல் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வேண்டுமென்றால் அதே சட்டத்தின் 33-ஆவது பிரிவுப்படி கவுன்சில் கூட்டத்துக்கு 60 நாளாவது முன்பே அறிவித்து மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். யாரும் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள், மூன்று வருஷத்தோடு நிறுத்துவார்கள். மூன்று வருஷத்துக்கு மட்டும் உரிமை இருக்கிற கட்டடத்தில் நன்கொடைக் காசைப் போட்டு வாய்க்கால் கட்டச் சொல்லி யாரிடம் கேட்பது?

இரண்டாவது, வாசல். முனிசிபாலிட்டிக் காப்பகத்துக்கு நாய் வருவதை நாம் நிறுத்த முடியாது. தீபாவளிக்கு மறுநாள் காலை அங்கே வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வெடிச்சத்தத்தில் வேலி தாண்டி ஓடிய நாய்கள், கழுத்தில் அறுந்த சங்கிலியோடு, பாதம் கிழிந்து, மூச்சு வாங்க நிற்கும். நவம்பர் 5-ஆம் தேதி ‘கை ஃபாக்ஸ்’ என்ற ஆங்கிலேயர் வழக்கத்து நாளுக்கு விடும் வெடியும் அதே பருவத்தில் வருவதால் சில வருஷம் இரண்டு வாரத்துக்கு இதே கதைதான். 16 கூண்டில் இடம் இல்லாதபோது எந்த நாய்க்குக் கருணைக்கொலை என்று முடிவெடுப்பது நம் குழுவாக இருக்கும். செல்லப்பிராணிகள் மேல் உயிரையே வைத்திருக்கும் பெண்கள் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலை எழுத வைத்தால் ஆறு மாதத்தில் அவர்கள் வருவதை நிறுத்திவிடுவார்கள். என் தங்கை இருக்கும் ஊரில் இது நடந்தது. ஒரு குழு ஆசை ஆசையாகக் காப்பகத்தை எடுத்து நடத்தியது. ஒரு வருஷம் மானியம் தாமதமாக வந்தது. வைத்தியரின் பில் ஏறியது. சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்று என் தங்கை போனில் பேசவே இல்லை, அழுதுகொண்டே இருந்தாள்.

மூன்றாவது, பாபா. அவர் முனிசிபாலிட்டி ஊழியர். ஓய்வூதியத்துக்கு நான்கு வருஷம் பாக்கி. நாம் எடுத்து நடத்தினால் அவரைச் சாலை வேலைக்கோ குப்பை வண்டிக்கோ மாற்றுவார்கள். அந்த இடத்தை அவரை விட நன்றாகத் தெரிந்தவர் யாரும் கிடையாது. கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒருவர், “அவருக்கு நாமே சம்பளம் கொடுப்போம்” என்றார். எந்த மாதம் வரை கொடுப்போம் என்று நான் கேட்டேன். பதில் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 1996-ஆம் வருஷத்து அரசியல் சட்டம், ஐந்தாம் அட்டவணையின் ‘பி’ பகுதியில் உள்ளாட்சிக்கு உரிய வேலைகளைப் பட்டியல் போடுகிறது. விலங்குகளுக்கு இடம் கொடுத்துப் பராமரிப்பதும் புதைப்பதும் அதில் இருக்கின்றன. பிடிபட்ட விலங்குகளை அடைக்கும் பட்டியும் (பவுண்டு) இருக்கிறது, நாய் லைசென்ஸும் இருக்கிறது. சாலை விளக்கு மாதிரி, கல்லறை மாதிரி இதுவும் அவர்கள் வேலை. நாம் வரி கட்டுகிறோம். அவர்கள் தோளில் இருக்கிற சுமையை நாமே போய் இறக்கி வாங்கிக்கொண்டால், அடுத்த பட்ஜெட்டில் காப்பகத்துக்கான ஒதுக்கீட்டையே எடுத்துவிடுவார்கள் என்பது என் பயம்.

எஸ்பிசிஏவிடம், அதாவது விலங்குவதைத் தடுப்புச் சங்கத்திடம், ஒப்படைக்கலாமே என்று கேட்கிறவர்களும் உண்டு. நல்ல கேள்வி. டர்பனில் ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கும் எஸ்பிசிஏவை நம்மில் பலருக்குத் தெரியும். அனுபவம் அவர்களுக்கு நம்மை விடப் பல மடங்கு. 1962-ஆம் வருஷத்து விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவர்களுடைய இன்ஸ்பெக்டர்களுக்கு அதிகாரம் உண்டு. நாயைச் சங்கிலியில் போட்டுப் பட்டினி போடுகிற வீட்டுக்கு நாம் போனால் சண்டைதான் வரும், அவர்கள் போனால் வழக்கு வரும். ஆனால் அந்தப் பெயரை நினைத்தபடி வைத்துக்கொள்ள முடியாது. 1993-ஆம் வருஷத்துத் தனிச்சட்டம் ஒன்று இருக்கிறது. எஸ்பிசிஏக்களின் தேசியக் கவுன்சிலில் உறுப்பினராகி அவர்கள் விதிகளுக்கு உட்பட வேண்டும். அவர்களும் பெரும்பாலும் நன்கொடையில் ஓடுகிறவர்கள்தான். ஏற்கெனவே நிரம்பி வழிகிற ஒரு சங்கத்திடம் நம் 16 கூண்டையும் உடைந்த வாய்க்காலையும் சேர்த்துக் கொடுப்பது அவர்களுக்குச் செய்யும் உதவி இல்லை. எந்த வழியைத் தேர்ந்தாலும் கொடுமைப் புகார்களை அவர்களிடமே கொண்டுபோவோம். பாபா சொன்னதையே ஒரு எஸ்பிசிஏ இன்ஸ்பெக்டர் வந்து எழுதிக் கொடுத்தால் முனிசிபாலிட்டி கேட்கும் என்றும் நினைக்கிறேன். அந்த அளவுக்கு அவர்களைக் கூப்பிடலாம்.

மிஞ்சுவது நான்காவது வழி. நான் கை தூக்கப்போவது இதற்குத்தான். கட்டடம், ஊழியர் சம்பளம், மருந்து, கால்நடை வைத்தியர் செலவு எல்லாம் முனிசிபாலிட்டியிடமே இருக்கட்டும். நமக்கு எழுத்தில் ஓர் ஒப்பந்தம் வேண்டும். அதில் நம் வேலை இன்னது, அவர்கள் வேலை இன்னது, மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசும் குழுவில் யார் யார் என்று பெயர் போட்டு இருக்க வேண்டும். பாபாவுக்கு அந்தக் குழுவில் ஒரு நாற்காலி இருக்க வேண்டும் என்பதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நம் வேலை எது? காசு கொடுத்து வாங்க முடியாததெல்லாம். காணாமல்போன நாயின் படத்தை அன்றைக்கே வாட்ஸ்அப்பில் போட்டு வீட்டுக்காரரைக் கண்டுபிடிப்பது, தத்து கேட்கிறவர் வீட்டைப் போய்ப் பார்த்து வேலி இருக்கிறதா என்று கவனிப்பது, பால்குடிக் குட்டிகளை எட்டு வாரம் வீட்டில் வைத்து வளர்த்துக் கொடுப்பது. கடைசியாகச் சொன்னதுதான் பெரியது. காப்பகத் தரையே படாமல் ஒரு குட்டி வளர்ந்தால் பார்வோ அதை எட்டிப் பிடிப்பது கஷ்டம். எங்கள் தெருவில் ஓர் ஆயா, வயது 80 தாண்டியவர், போன குளிர்காலத்தில் நான்கு குட்டிகளைத் துணிக்கூடையில் வைத்து, இரவு மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பால் கொடுத்தார். நான்கும் பிழைத்தன. ஒன்றைத் தத்து கொடுக்க மறுத்துவிட்டார், அது இப்போது அவர் கட்டிலடியில்தான் படுக்கிறது.

கருணைக்கொலை விஷயத்தில் கடைசி வார்த்தை வைத்தியருடையதாக இருக்கட்டும், ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்னால் பட்டியல் நம் கைக்கு வரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்கிறேன். அந்த இரண்டு நாளில் எத்தனை பேருக்கு வீடு தேட முடியுமோ தேடுவோம். தன்னார்வலர்களுக்கு முன்கூட்டியே ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசி போடும் செலவையும் முனிசிபாலிட்டி ஏற்க வேண்டும். முதல் நாள் ஒன்று, ஏழு நாள் கழித்து ஒன்று, இரண்டே ஊசி. அதைப் போட்டிருந்தாலும் கடிபட்டால் சோப்புத் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே கிளினிக் போகத்தான் வேண்டும். எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இருந்துகொண்டு இதில் அலட்சியம் கூடாது. அறிகுறி தெரிந்த பிறகு ரேபிஸுக்கு வைத்தியம் கிடையாது.

ஒப்பந்தத்தில் முதல் வேலையாகக் கருத்தடையைப் போடச் சொல்கிறேன், புதுக் கூண்டு கட்டுவதை அல்ல. பலருக்கு இதில் வருத்தம். கூண்டு கட்டினால் போட்டோ எடுக்கலாம், பெயர்ப்பலகை வைக்கலாம், நன்கொடையாளர்களுக்கும் திருப்தி. ஆனால் ஒரு பெண் நாய் வருஷத்துக்கு ஏறக்குறைய இரண்டு முறை பருவத்துக்கு வரும், 63 நாளில் குட்டி போடும். 16 கூண்டை 20 ஆக்கினாலும் ஒரே வருஷத்தில் நிரம்பிவிடும். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் கடைத் தள்ளுவண்டியில் ஒன்பது குட்டிகளை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவளுக்கு அந்தத் தாய் நாய் மேல் எவ்வளவு பிரியம் என்பது, கிளம்பும்போது குட்டிகள் ஒவ்வொன்றின் நெற்றியையும் தடவிய விதத்திலேயே தெரிந்தது. கருத்தடைக்குக் கொண்டுபோகப் பஸ் காசு இல்லை, பஸ்ஸில் நாயை ஏற்றவும் மாட்டார்கள். வண்டி அவளிடம் போக வேண்டும்.

நம்மவர்களிடமும் வேலை இருக்கிறது. போன மாதம் ஒரு மாமா என்னிடம், “பெட்டை நாய்க்குச் சரி டீச்சர், ஆண் நாய்க்கு எதற்கு? பாவம், அப்புறம் வீட்டைக் காக்காதே” என்றார். காக்கும் மாமா, என்றேன். பழக்கப்பட்ட வாசலையும் பழக்கப்பட்ட மனுஷர்களையும் அது மறக்காது. பெட்டை நாயைத் தேடி மெயின் ரோட்டில் குறுக்கே ஓடுவதுதான் குறையும். முந்தைய நாயை அந்த ரோட்டில்தான் அவர் பறிகொடுத்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பெயரை எழுதிக்கோம்மா” என்றார். இந்தப் பேச்சை எந்த முனிசிபாலிட்டி அதிகாரியும் பேச முடியாது.

அறுவை சிகிச்சையை யார் செய்வது? பதிவு பெற்ற கால்நடை வைத்தியர் மட்டும்தான் செய்யலாம், ஆர்வம் இருக்கிறது என்று நாம் கத்தியைத் தொட முடியாது. நாடு முழுவதற்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றே ஒன்று, பிரிட்டோரியா பக்கம் ஆண்டர்ஸ்டெபூர்ட்டில். அதனால் வைத்தியர் கிடைப்பது சிரமம். ஆனால் 2016 முதல், படித்து முடித்தவர்கள் ஒரு வருஷம் கட்டாயச் சமூக சேவை செய்ய வேண்டும், அப்படி வரும் இளம் வைத்தியர்கள் மாகாண அரசின் கீழ் வேலை செய்கிறார்கள். மாகாணத்தோடு கடிதம் போட்டுப் பேச முனிசிபாலிட்டியால் முடியும். இடம், மேஜை, தண்ணீர், மயக்கம் தெளியும் வரை நாய்களைப் போர்வையில் சுற்றி வைத்திருக்க 20 ஜோடிக் கைகள் நம்மிடம் இருக்கின்றன. அதோடு ரேபிஸ் ஊசியையும் சேர்த்துவிடலாம். சட்டப்படி நாய்க்கும் பூனைக்கும் அது கட்டாயம்: மூன்று மாத வயதில் ஒன்று, ஒரு வருஷத்துக்குள் இன்னொன்று, பிறகு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. ஓர் ஊரில் நூற்றுக்கு 70 நாய்க்காவது ஊசி போட்டிருந்தால்தான் நோய் சங்கிலி அறும். போன தடவை பள்ளி மைதானத்தில் முகாம் போட்டபோது, ஒரு பையன் மூன்று ஷூ லேஸை ஒன்றாக முடிந்து கயிறாக்கி நாயைக் கூட்டி வந்திருந்தான். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றான். நாய்க்கு ஊசி போடும்போது அதன் கண்ணைத் தன் கையால் மூடிக்கொண்டான்.

இந்த வழியிலும் குறை இல்லாமல் இல்லை. மெதுவாகத்தான் நடக்கும். அதிகாரி மாறினால் ஒப்பந்தத்தை அவரிடம் எடுத்துக்கொண்டு போய் உட்கார வேண்டும். தாழ்ப்பாளுக்கும் டெண்டர்தான். இதில் எனக்கும் எரிச்சல் வரும், தெரிந்தேதான் தேர்ந்தெடுக்கிறேன். ஏனென்றால் வாய்க்காலுக்குப் பதில் இங்கே மட்டும்தான் இருக்கிறது: முனிசிபாலிட்டியின் கட்டடம், முனிசிபாலிட்டியின் பட்ஜெட். அவர்களுடைய நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்கும். அதற்கு 90 நாளாவது முன்னால் வரைவு பட்ஜெட்டைக் கவுன்சிலில் வைத்தாக வேண்டும், பிறகு மக்கள் கருத்துக்கு விடுவார்கள். அந்தக் கருத்துக் காலத்தில்தான் இப்போது இருக்கிறோம். வார்டு கமிட்டி வழியாக பட்ஜெட்டில் ஒரே ஒரு செலவுக் குறிப்பைச் சேர்க்கச் சொல்லிக் கேட்போம்: வாய்க்காலை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியாகப் பின்பக்கம் ஓடும்படி கட்டுவது, புதிதாக வரும் நாய்களுக்கு நான்கு கூண்டைச் சுவர் வைத்துத் தனியாகப் பிரிப்பது. அது வரும்வரை குட்டிகளை மேட்டுக்கு மாற்றுவதற்குப் பட்ஜெட் எதுவும் தேவையில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகும் அன்றே பாபாவும் நாமும் சேர்ந்து செய்துவிடலாம்.

கூட்டம் செவ்வாய் மாலை 6 மணிக்கு. வார்டு கவுன்சிலர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மூன்று வருஷமாக எந்த நாய் எந்தத் தேதியில் வந்தது, எந்தக் கூண்டில் இருந்தது, என்ன ஆனது என்று நான் எழுதி வைத்த நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவருகிறேன். வேண்டுமானால் யாரும் புரட்டிப் பார்க்கலாம். முடிவு எதுவாக இருந்தாலும் சனிக்கிழமை காலை 7 மணிக்குக் கூண்டு கழுவ ஆள் வேண்டும். கம்பூட்ஸ் போட்டு வாருங்கள், ஜிக் நான் வாங்கி வருகிறேன்.